பம்பு அறையில் ஒரு மாணவர்

இரவு பத்தரை மணி. இரண்டாவது பேஸ்மென்டில் காரை நிறுத்திவிட்டு லிஃப்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பம்பு அறையிலிருந்து ஆங்கிலம் கேட்டது. மோட்டார் இரைச்சலையும் மீறி ஓர் அமெரிக்கப் பெண் குரல் 'ஃபிடூஷியரி டியூட்டி' என்றால் என்ன என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து, செல்போனை ஒரு வால்வின் மீது சாய்த்து வைத்துக்கொண்டு, எங்கள் சூப்பர்வைசர் நோட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "டியூட்டி முடிஞ்சிடுச்சு மேடம், ஒன்பது மணிக்கே முடிஞ்சிடுச்சு" என்றார், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர் போல. பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க தமிழ் எம்.ஏ.ன்னு சொன்னாங்க. இந்த ஃபிடூஷியரிக்குத் தமிழ்ல என்ன மேடம்?"

'நம்பிக்கைப் பொறுப்பு' என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இல்லை. அடுத்தவர் பணத்தையும் பொருளையும் தன்னுடையதைவிடக் கவனமாகக் காக்க வேண்டிய கடமை என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. "கோயில் தர்மகர்த்தா மாதிரி!" என்றார்.

இருபது வருடங்களாக மொழிபெயர்ப்பைப் பிழைப்பாக வைத்திருக்கிறேன். அந்த வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு இன்றுவரை ஒன்று தோன்றவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் அவர். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, பெங்களூருக்கு வயரிங் வேலைக்கு வந்து, 12 வருடங்களில் சூப்பர்வைசர் ஆனவர். பிளம்பரிடம் கன்னடம், அஸ்ஸாமிலிருந்து வந்த காவலாளியிடம் இந்தி, பெருக்கித் துடைக்க வரும் பெண்களிடம் தமிழும் தெலுங்கும், குடியிருப்போர் சங்கத்துக்கு இ-மெயிலில் ஆங்கிலம் என்று நாள் முழுக்க மொழி தாவிக்கொண்டிருப்பார். அவருடைய கம்பெனியில் 'எஸ்டேட் மேனேஜர்' ஆக வேண்டுமானால் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் அந்த நாற்காலி ராணுவத்தில் ஓய்வு பெற்று வந்த ஒருவருக்குப் போகும். சம்பளம் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆகவே தன் அரை மாதச் சம்பளத்தைக் கட்டி ஒரு தொலைதூரப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். பாடம் செல்போனில் வரும். படிக்கும் இடம் பம்பு அறை. அறையில் நான்கு பேரோடு தங்கியிருப்பவருக்கு அதுதான் தனிமை.

வீட்டு வேலை, அலுவலகம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ராத்திரியில் படிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என்னுடைய எம்.ஏ.வும் தபாலில் வந்ததுதான். பழுப்புக் காகித உறையில் பாடக் கட்டுகள், நூலால் தைத்தவை. பாதிப் பக்கங்களில் மை அப்பியிருக்கும். நேர்முக வகுப்புக்குப் போனால் பக்கத்து பெஞ்சில் ஒரு கண்டக்டர், இந்தப் பக்கம் ஒரு நர்ஸ். தென்னிந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962ல் அஞ்சல் வழிக் கல்வியை ஆரம்பித்தது என்றால், மைசூர் 1969லும் மதுரை 1971லும் அண்ணாமலை 1979லும் தொடங்கிவிட்டன. பகலில் கல்லூரிக்குப் போக முடியாத ஒரு தலைமுறையே அந்தப் பழுப்பு உறைகளால் பட்டதாரி ஆனது. அதில் அடிபட்டவர்களும் உண்டு. மைசூரின் அஞ்சல் வழிக் கல்வி 1996ல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதற்கு அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015ல் அறிவித்தபோது, படித்து முடித்தவர்கள் கையில் சான்றிதழோடு தெருவில் நின்றார்கள். அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது 2018ல். இடைப்பட்ட வருடங்களுக்கு யார் ஈடு சொல்வது?

அதனால்தான் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி பாடத்தைப் பற்றியது அல்ல. "இந்தச் சான்றிதழை யார் கொடுக்கிறார்கள்? யார் ஏற்றுக்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன். கம்பெனி ஏற்றுக்கொள்கிறது என்றார். வேறு கம்பெனி? தெரியவில்லை.

பாடங்களை வாங்கிப் பார்த்தேன். அமெரிக்கச் சரக்கு என்பது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நடைபாதையில் பனி உறைந்தால் சங்கத்தின் பொறுப்பு என்ன என்று ஓர் அத்தியாயம். கிருஷ்ணகிரிக்காரர் அதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

இந்தத் தொழிலுக்கு அமெரிக்கா தாய்வீடு என்பது உண்மைதான். பொதுச் சொத்து உள்ள குடியிருப்புகள் அங்கே பெருகியபோது, அவற்றை நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க 'கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற அமைப்பு 1973ல் உருவானது. 1995ல் சான்றிதழுக்கென்றே தனி வாரியம் அமைத்தார்கள். 'எம்-100' என்ற அடிப்படைப் பாடத்தை வகுப்பிலும் படிக்கலாம், வீட்டிலிருந்தே இணையத்திலும் படிக்கலாம். பிறகு தேர்வு. தேறினால் 'சி.எம்.சி.ஏ.' என்ற மூன்றெழுத்துக்கு ஓர் எழுத்து கூடுதலான பட்டம். அதுவும் நிரந்தரம் அல்ல. இரண்டு வருடங்களுக்கு ஒரு முறை 16 மணி நேரமாவது மேற்கொண்டு படித்துக் காட்ட வேண்டும். ஃப்ளோரிடா மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேல். அங்கே பத்து வீட்டுக்கு மேற்பட்ட சங்கத்தைச் சம்பளம் வாங்கி நிர்வகிக்க வேண்டுமானால் அரசு லைசென்ஸ் வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும். ஏறக்குறைய டாக்ஸி ஓட்டுகிற மாதிரி.

அதே ஃப்ளோரிடாவில்தான், மயாமியை அடுத்த சர்ஃப்சைடில், 2021 ஜூன் 24 விடியற்காலையில் 'சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத்' என்ற 12 மாடிக் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். கட்டடம் 1981ல் கட்டியது. நீச்சல் குளத் தளத்துக்குக் கீழே கான்கிரீட் மோசமாகிவிட்டது என்று ஒரு பொறியாளர் 2018லேயே எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது மராமத்துச் செலவு சுமார் 90 லட்சம் டாலர். யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசிப் பேசி, நிர்வாகக் குழுவில் பலர் ராஜினாமா செய்து, 2021ல் அந்தத் தொகை ஒன்றரைக் கோடி டாலராகிவிட்டது. வேலையை ஆரம்பிப்பதற்குள் கட்டடம் முந்திக்கொண்டது. லைசென்ஸ் பெற்ற மேனேஜர்கள் இருக்கும் மாநிலம் அது. படிப்பு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மேனேஜருக்கு விஷயம் தெரிந்திருக்கலாம். பணம் கொடுக்க வேண்டியவர்கள் மாடியில் இருக்கிறார்கள். அடுத்த வருடமே ஃப்ளோரிடா சட்டத்தைத் திருத்தியது. மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்கள் கட்டமைப்பைச் சோதித்து, எதிர்கால மராமத்துக்கு எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்று கணக்கிட்டே ஆக வேண்டும் என்றது. (அதே 2021 அக்டோபரில் பெங்களூர் கஸ்தூரி நகரில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று சாய்ந்து விழுந்தது. கட்டி பத்து வருடம்கூட ஆகவில்லை. முன்னதாகவே எல்லோரும் வெளியேறிவிட்டதால் உயிர்ச் சேதம் இல்லை.)

எதிர்கால மராமத்துக்குச் சேர்க்கும் அந்தப் பணத்துக்கு 'சிங்கிங் ஃபண்ட்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'மூழ்கும் நிதி'. அந்தப் பெயரில் கேட்டால் எந்த வீட்டுக்காரரும் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டார். சூப்பர்வைசரிடம் விளக்கினேன். லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் சாகும் நாளில் புதிது வாங்கலாம். "கூரை வேயற காசு" என்றார் உடனே. அவர் பாட்டி வீடு ஓலைக் கூரை. சில வருடத்துக்கு ஒரு தடவை கூரை மாற்றியாக வேண்டும் என்பதால், தானியம் விற்ற காசில் ஒரு பகுதியை ஒரு பித்தளைச் செம்பில் போட்டு வைப்பாராம். கல்யாணமே வந்தாலும் செம்பில் கை வைக்க மாட்டாராம். எங்கள் சங்கத்தில் போன வருடம் அப்படிப்பட்ட ஒரு செம்பில்தான் கை வைத்து, வாசல் வளைவுக்குக் கிரானைட் ஒட்டினோம்.

பனிப்பொழிவு அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பெங்களூரில் ஒரு மேனேஜருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்தால், தலை சுற்றுகிறது.

முதலில் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்பதே பல இடங்களில் தெளிவு இல்லை. கர்நாடகத்தில் 1972ல் ஒன்றுக்கு இரண்டாகச் சட்டம் போட்டார்கள். ஒன்று அபார்ட்மென்ட் உடைமையாளர் சட்டம். மற்றது கட்டுபவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃப்ளாட் உடைமைச் சட்டம். ஆனால் ஏராளமான சங்கங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, மன்றங்களும் சபைகளும் பதிவு செய்கிற 1960ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் போய்ப் பதிவு செய்துகொண்டன. அது சுலபம் என்பதுதான் காரணம். அது செல்லாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் வந்த பிறகு, பத்துப் பதினைந்து வருடம் நடந்த சங்கங்கள் தங்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாடு தன்னுடைய 1994ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2022ல் புதிதாக ஒன்றை நிறைவேற்றி, 2024ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெங்களூர்க்காரர்கள் இன்னும் அந்த 1972லேயே நிற்கிறார்கள்.

அடுத்தது, 'ரெரா' என்று எல்லோரும் சொல்கிற 2016ம் வருட மத்தியச் சட்டம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டியவரே இலவசமாகச் சரி செய்ய வேண்டும். விரிசலைப் பார்த்த அன்றே தேதி போட்டுப் படம் எடுத்து எழுத்தில் கொடுக்கத் தெரிந்த ஒரு மேனேஜர், சங்கத்துக்குப் பல லட்சம் மிச்சப்படுத்துவார். தெரியாதவர் சிமென்ட் பூசிவிடுவார். நல்ல எண்ணத்தில்தான்.

பிறகு ஜி.எஸ்.டி. சங்கத்தின் வருட வருமானம் ரூ. 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டுப் பராமரிப்புக் கட்டணமும் மாதம் ரூ. 7,500ஐத் தாண்டினால் 18 சதவிகிதம் வரி. முழுத் தொகைக்கா, 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமா? மேற்பட்டதற்கு மட்டும்தான் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஜூலையில். ரூ. 7,600 கட்டும் வீட்டுக்கு இந்த ஒரு கேள்வியின் விலை மாதம் 1,350 ரூபாய். பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் பணத்தைவிட முக்கியமானது எங்கள் பேஸ்மென்டில் பம்பு அறைக்கு அடுத்த கதவு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். மற்ற ஊர்களில் நகராட்சி செய்யும் வேலையை பெங்களூரில் பெரிய அடுக்ககங்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டும். வேறு வழியும் இல்லை. சுத்திகரிக்காத கழிவுநீர் போய்ச் சேர்ந்த பெல்லந்தூர் ஏரி எப்படி நுரைத்தது, 2017ல் எப்படி நீர்மேல் தீப்பிடித்து எரிந்தது என்பதை உலகமே படம் பார்த்தது. ஆக, கம்ப்யூட்டர் எழுதுகிறவர்களும் வங்கி அதிகாரிகளும் கூடி ஒரு சிறு தொழிற்சாலையை நடத்துகிறார்கள். அது ஆள் கொல்லக்கூடிய தொழிற்சாலை. ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டை அடுத்த சோமசுந்தரபாளையாவில் 2018 ஜனவரியில் ஓர் அடுக்ககத்தின் சுத்திகரிப்பு நிலையத்தைத் துப்புரவு செய்ய இறங்கிய மூன்று பேர் விஷவாயுவில் இறந்தார்கள். முதலில் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், பிறகு மூன்றாமவர். இப்படித்தான் எங்கும் நடக்கிறது. பாதுகாப்பில்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவது 2013ம் வருடச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ல் சொல்லியிருக்கிறது. அமெரிக்கப் பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் யாரையும் இறக்கியதில்லை. சட்டம் தெரிந்து அல்ல. ஊரில் கிணற்றில் தூர் வாருவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்களாம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அந்த நினைவில் மறுத்திருக்கிறார். 2024 மார்ச்சில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, குடிதண்ணீரில் கார் கழுவினால் ரூ. 5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் நான்கு போர்வெல்களில் எது எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுக்கும் என்று நோட்டில் எழுதி வைத்து, டேங்கரைப் பாதியாகக் குறைத்தவர் அவர். அந்த நோட்டு எந்தத் தேர்விலும் கேட்கப்படவில்லை.

இந்தியாவில் இதற்குச் சொந்தமாக ஒரு வழியே இல்லையா என்றால், மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அங்கே வீட்டுவசதிச் சங்கங்கள் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள். மாநிலக் கூட்டுறவுத் துறையே 'ஜி.டி.சி. அண்ட் ஏ.' என்று கூட்டுறவுக்கும் கணக்கியலுக்கும் ஒரு டிப்ளமோ தேர்வும், 'சி.ஹெச்.எம்.' என்று வீட்டுவசதி நிர்வாகத்துக்கு ஒரு சான்றிதழ்த் தேர்வும் வருடா வருடம் நடத்துகிறது. மும்பையில் பகலில் கிளார்க் வேலை பார்த்து, ராத்திரியில் தானாகவே படித்து அதை எழுதிப் பிழைக்கிறவர்கள் உண்டு. அரசு முத்திரை இருப்பதால் எந்தக் கம்பெனியும் 'இது என்ன காகிதம்' என்று கேட்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவின் முதல் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் என்று குறிப்பிடப்படுவது 1909ல் தொடங்கிய பெங்களூர் கட்டடக் கூட்டுறவுச் சங்கம். ஆரம்பித்து வைத்தது இந்த ஊர், பாடத்திட்டம் போட்டது அந்த ஊர்.

இதற்குள் என் பங்குக்கு ஒன்று செய்தேன். அவருடைய பாடத்தில் உபயோகமான பகுதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'கோரம்' என்பதை 'குறைவெண்' என்று அரசுத் தமிழில் எழுதி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்து, 'கோரம்' என்றே வைத்தேன். 'பை-லா'வும் அப்படியே. 'காமன் ஏரியா' மட்டும் விவாதம் ஆனது. 'பொது இடம்' என்றால் யார் வேண்டுமானாலும் துப்பலாம் என்று அர்த்தம் ஆகிவிடுகிறது என்றார் அவர். கடைசியில் 'எல்லார்க்கும் சொந்தமான இடம்' என்று மூன்று சொல்லாக நீட்டினோம்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பம்பு அறையில் சிக்னல் நிற்காது என்பதால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், என் மகளின் லேப்டாப்பில் எழுத ஏற்பாடு. இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கேமரா முன்னால் அடையாள அட்டையைக் காட்டி, அறையைச் சுற்றிக் காட்டி, 'எழுந்து போனால் தேர்வு முடிந்ததாகக் கருதப்படும்' என்பதற்கு ஒப்புதல் கொடுத்து ஆரம்பித்தார். நான் சமையலறையில் மிக்ஸி போடாமல் இருந்தேன்.

நாற்பதாவது நிமிடத்தில் இன்டர்காம் அடித்தது. பி பிளாக்கில் தண்ணீர் வரவில்லை. செக்யூரிட்டி அவரைத்தான் கேட்டார். தேர்வில் இருக்கிறார் என்றேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும். மோட்டார் ட்ரிப் ஆகிவிட்டது, ஏதோ தீய்ந்த வாசனை வருகிறது, மாற்று மோட்டாரைப் போடட்டுமா? பத்து வருடத்து மோட்டார் அது. மாற்ற வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்ததை இரண்டு பொதுக்குழுவில் ஒத்தி வைத்திருக்கிறோம். நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். அவருக்குக் கேட்டுவிட்டது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேனல்ல தண்ணி ஒழுகியிருக்கும் மேடம். அந்தப் பையன் ஈரக் கையோட தொட்டுடுவான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினார்.

திரையில் ஓர் அறிவிப்பு வந்து, பிறகு அணைந்தது. 51வது கேள்வியில் நின்றிருந்தது.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலை ஐந்து மணிக்கு பி பிளாக்கில் தண்ணீர் வந்தது. மறு தேர்வுக்குக் கட்டணம் ரூ. 3,500. அதைச் சங்கமே கொடுக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக வைத்திருக்கிறார்கள். ஆறாவது, பார்ட்டி ஹாலுக்குப் புது ஏ.சி.